கொசுறுக்கு ஒன்று

கருங்காட்டுப்பாளையம் சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்க்கும் கருவி கெட்டுப்போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. கருவி வேலை செய்த காலத்தில் அதில் செருகும் பட்டை வராது. பட்டை வந்த வாரம் விரலைக் குத்துகிற ஊசி தீர்ந்திருக்கும். இப்படி ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டே இருந்தால் ஜனங்கள் எப்போதுதான் குணமாவது என்று மேலே இருப்பவர்களுக்குக் கவலை வந்துவிட்டது. ஊசியும் வேண்டாம், பட்டையும் வேண்டாம், கருவியே வேண்டாம் என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நோயாளியின் ரத்தத்தை அளப்பதை விட்டுவிட்டு நம்பிக்கையை அளப்பது என்று முடிவாயிற்று.

அதற்கு ‘நம்மால் முடியும் இயக்கம்’ என்று பெயர். கேள்வி ஒன்றே ஒன்றுதான். “உங்கள் நெடுநாள் நோயை நீங்களே சமாளித்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கை உங்களுக்கு ஒன்று முதல் பத்துக்குள் எவ்வளவு இருக்கிறது?” சொல்கிற எண்ணைத் தொடுதிரை டேப்பில் தட்டினால் வேலை முடிந்தது. ஐந்துக்குக் கீழே வாங்கியவருக்கு ரோஸ் அட்டை. அவரை டாக்டர் பார்ப்பார், சர்க்கரைக்காரர் என்றால் பாதத்தையும் பார்ப்பார், நம்பிக்கை வகுப்புக்கும் அனுப்புவார். எட்டும் அதற்கு மேலும் வாங்கியவருக்குப் பொன் அட்டை. அவரை யாரும் பார்க்கமாட்டார்கள். தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறவரை இன்னொருவர் பார்ப்பது அவரை அவமதிப்பதாகும் என்று விதிமுறைப் புத்தகத்தின் நான்காம் பக்கத்தில் எழுதியிருந்தது.

நம்பிக்கை வகுப்பும் சாதாரணமானதல்ல. மூச்சிரைப்புக்காரர் ஒருவரை ‘என்னால் முடியும்’ என்று ஐம்பது தடவை சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். முப்பத்திரண்டில் அவர் மயங்கிச் சரிந்துவிட்டார். பாக்கிப் பதினெட்டையும் அவர் சார்பில் வகுப்பெடுத்தவரே சொல்லி முடித்தார். அன்றைக்கே மயங்கியவரின் மதிப்பெண் மூன்றிலிருந்து ஆறாக ஏறியது.

இந்தக் கேள்வி சின்னுசாமியின் வீட்டு வாசலுக்கு வந்தது ஒரு தை மாதத்தில். சின்னுசாமி திருச்செங்கோட்டு ரோட்டில் இருந்த எடைமேடையில் முப்பது வருஷம் லாரிகளுக்கு எடை போட்டவர். காலி வண்டிக்கு ஓர் எடை, லோடு ஏற்றினால் ஓர் எடை, இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் சரக்கு என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிய பாடம். மேடை பொய் சொன்னால் டிரைவரோடு சண்டை போடக்கூடாது, மேடையைத்தான் பழுது பார்க்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். இப்போது வேலையை விட்டுவிட்டு மல்லசமுத்திரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஏக்கர் காட்டையும் இரண்டு எருமைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி சென்னம்மாளுக்குப் பதினாறு வருஷமாகச் சர்க்கரை. ஊரில் பாதி வீட்டுக்குப் பால் அவள் கையால்தான். அரை லிட்டர் அளந்து ஊற்றியபிறகு பாத்திரத்தைச் சாய்த்து, கொசுறாக இன்னொரு வாய்ப் பால் ஊற்றாமல் யாரையும் அனுப்பமாட்டாள். வெற்றுக் கையோடு ஒருவரை அனுப்புவதும், தலை தட்டி அளந்து கொடுப்பதும் அவள் கணக்கில் ஒரே பாவம். இந்தக் குணத்தைப் பார்த்துச் சின்னுசாமி கல்யாணமான புதிதில் கோபப்பட்டிருக்கிறார், பிறகு கேலி செய்திருக்கிறார், பிறகு பழகிவிட்டார். அந்தக் கொசுறு ஒருநாள் அவள் காலைக் கேட்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

டேப்பைத் தூக்கிக்கொண்டு வந்தவள் மஞ்சுளா. ராசிபுரத்துப் பெண், இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து சுகாதார நிலையத்தில் வீடு வீடாகப் போகிற வேலையில் இருந்தாள். வெயிலில் வந்தவளை உட்காரவைத்து மோர் கொடுத்தபிறகுதான் கேள்வியைக் கேட்கவிட்டாள் சென்னம்மாள்.

“இதுல எத்தன போட்டா உனக்கு நல்லது அம்மிணி?”

“எனக்காவப் போடக்கூடாதுங்கம்மா. உங்க மனசுல இருக்கறதச் சொல்லோணும்.”

“அது கெடக்குது. உனக்கு எது நல்லது, அதச் சொல்லு.”

மஞ்சுளாவுக்குப் பொய் சொல்ல வராது. “பத்துன்னா மேல கேள்வி இல்லீங்க. கீழ போச்சுன்னா நோயாளிக்கு ஏன் நம்பிக்கை ஊட்டலேன்னு என்னயக் கூப்புட்டு நிக்கவெப்பாங்க.”

“அப்பப் பத்தே போட்டுக்க. கொசுறுக்கு ஒன்னு சேத்துப் போட்டுக்க சாமி.”

மஞ்சுளா சிரித்துவிட்டாள். டேப் எப்படியும் ஏற்காது என்ற தைரியத்தில் விளையாட்டாகப் பதினொன்று என்று தட்டினாள். டேப் ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு திரை நிறையப் பூ கொட்டி, ‘வாழ்த்துகள்’ என்றது.

அடுத்த வாரமே வாசலில் கார் வந்து நின்றது. இறங்கியவர் குமரகுரு. நம்பிக்கை அளவீட்டுக்கென்றே நியமிக்கப்பட்ட ஒருங்கிணைப்பாளர். கூடவே போட்டோ எடுக்க ஒருவர், சால்வை பிடிக்க ஒருவர். சென்னம்மாள் கைகூப்பி நின்றாள். குமரகுரு அவளையே சற்று நேரம் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

“அம்மா, இதுவரை நாங்கள் நோயை நோயாளியிடமிருந்து பிடுங்கப் பார்த்தோம். அது எவ்வளவு பெரிய தவறு! நோய் அவருடைய சொந்தச் சொத்து. அதை அவரிடமே ஒப்படைத்துவிட்டு நாங்கள் ஒதுங்கிக்கொள்வதுதான் மரியாதை. நாங்கள் எவ்வளவு தூரம் ஒதுங்குகிறோமோ அவ்வளவு தூரம் நீங்கள் வளர்வீர்கள். பதினொன்று! நாங்கள் முழுசாக ஒதுங்கிவிடலாம் என்று எங்களுக்கு முதன்முதலாக நம்பிக்கை கொடுத்தவர் நீங்கள்.”

சின்னுசாமி மெதுவாக முன்னால் வந்தார். “ஏனுங்க, பத்து டன் மேடையில பதினோரு டன் காட்டுச்சுன்னா மேடைதானுங்க கோளாறு. அதப் பழுது பாக்கோணுமுங்க.”

“மேடையில் கோளாறு இல்லை ஐயா. உங்கள் வீட்டம்மா மேடையைத் தாண்டிவிட்டார்.”

சால்வை போர்த்தினார்கள். பொன் அட்டை கொடுத்தார்கள். பஸ் நிறுத்தத்தில் சென்னம்மாளின் படத்தோடு பேனர் எழுந்தது. ‘பத்துக்குப் பதினொன்று! நம்பிக்கைத் தூதர்!’ அவள் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு மாதம் அந்தப் பக்கம் போகாமல் இருந்தாள். இனி அவளுக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது, டாக்டர் கிடையாது. மூன்று மாத மாத்திரையை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். மஞ்சுளா மாதம் ஒருமுறை வந்து எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

ஆடி மாதம் ஒரு காலையில் சின்னுசாமி சிமெண்ட் தரையில் ஈரத் தடங்களைப் பார்த்தார். எருமை கட்டும் கட்டுத்தரையிலிருந்து அடுப்படி வரைக்கும் இடது கால் தடம் மட்டும் சிவப்பாக இருந்தது. முதலில் எருமைக்கு அடிபட்டு அந்த ரத்தத்தை அவள் மிதித்துவிட்டாளோ என்று நினைத்தார். பிறகு மனைவியை உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். குதிகாலில் ஒரு ஆணி, தலைவரைக்கும் ஏறியிருந்தது. எப்போது குத்தியது என்று அவளுக்குத் தெரியவில்லை. வலிக்கவே இல்லை என்றாள். வலிக்கவில்லை என்று அவள் சொன்னதுதான் அவரைப் பயமுறுத்தியது.

ஆணியைப் பிடுங்கி, துணி சுற்றி, வண்டியில் உட்காரவைத்துச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார். சீட்டு கொடுக்கும் இடத்தில் அன்புச்செல்வி என்ற பெண் இருந்தாள். அட்டையை வாங்கிப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள்.

“பேனர்ல இருக்கற அம்மாங்களா! உக்காருங்க, உக்காருங்க. ஆனா பொன் அட்டைக்குக் காலைப் பாக்கச் சீட்டு வராதுங்க. ரோஸ் அட்டைக்குத்தான் வரும்.”

“ரத்தம் ஒழுகுதும்மா.”

“தெரியுதுங்க ஐயா. கம்ப்யூட்டர்ல தெரியோணுமே. மதிப்பெண்ணைக் கொறைக்கச் சொல்லி ஆபீசுல எழுதிக் குடுங்க. அஞ்சுக்குக் கீழ வந்துட்டா அடுத்த நிமிசம் டாக்டரே எந்திரிச்சு வருவாரு.”

அந்த ஆபீஸ் நாமக்கல்லில் இருந்தது. நம்பிக்கைக் குறைப்பு விண்ணப்பத்தை நோயாளி தன் கையாலேயே எழுத வேண்டும். துணைக்கு ஆள் வந்தால் அது சுயமதிப்பீடு ஆகாது என்று சின்னுசாமியைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். விண்ணப்பத் தாள் கீழே, கையெழுத்து இரண்டாம் மாடியில், முத்திரை முதல் மாடியில். மாடிப்படியில் வைத்திருந்த ஜன்னல் வழியாக அவர் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறாள், நிற்கிறாள், எதிரே இறங்கி வருகிறவர்களுக்கு ஒதுங்கி வழி விடுகிறாள், மறுபடி ஏறுகிறாள். எடைமேடையில் எத்தனையோ லாரி ஏறி இறங்கியதைப் பார்த்தவர் அவர். ஓர் ஆள் ஏறுவதைப் பார்க்க இத்தனை கஷ்டமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முடிவைக் கேட்க மட்டும் அவரையும் மேலே கூப்பிட்டார்கள். குமரகுரு விண்ணப்பத்தைக் கையில் பிடித்திருந்தார்.

“இதை எழுதியது யார்?”

“நாந்தானுங்க. எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கறனுங்க” என்றாள் சென்னம்மாள்.

“ஒரு பிழை இல்லை. மூன்று கவுண்டர், நாற்பத்தாறு படி, காலில் கட்டு. யாருடைய உதவியும் இல்லாமல் முடித்திருக்கிறீர்கள். போன மாதம் ஒருவர் நான்காவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார், அவருடையதை உடனே ஏற்றுக்கொண்டோம். உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? சரி, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?”

சின்னுசாமி மனசுக்குள் கெஞ்சினார். இல்லை என்று சொல்லு புள்ள, ஒரே ஒரு தடவை சொல்லு.

“ஐயோ, மூஞ்சிக்கு நேரா அப்படிச் சொல்லுவனுங்களா? நீங்க நல்லா இருக்கோணுஞ் சாமி.”

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதோடு இயக்கத்தின் ஆண்டு விழா ஆறு நாளில் வருவதாகவும், தூதர் என்ற முறையில் அவள் மேடையில் இருந்தே ஆக வேண்டும் என்றும் குமரகுரு கேட்டுக்கொண்டார். அவள் வாரேன் என்று சொல்லிவிட்டாள்.

 வீட்டுக்கு வந்ததும் சின்னுசாமி வெடித்தார். “அந்தாளுகிட்ட என்ன மரியாத வேண்டிக்கெடக்குது? இன்னிக்கு ஊடு தேடி வந்தவனா அவன்? அவன் ஆபீசுக்கு நாம போனோம்!”

“எங்க இருந்தா என்னங்க, மனுசன் மனுசந்தானுங்களே” என்றாள் அவள்.

மறுநாள் மஞ்சுளா வந்தாள். கட்டை அவிழ்த்துப் பார்த்தவள் முகம் வெளுத்துவிட்டது. தன் பையில் இருந்த பஞ்சும் மருந்தும் எடுத்துச் சுத்தம் செய்தாள். டேப்பில் காயம் என்று பதியப் பார்த்தாள். பொன் அட்டைக்கு அந்தக் கட்டமே திறக்கவில்லை. “ஐயா, இது இங்க ஆவாதுங்க. இன்னிக்கே திருச்செங்கோட்டுல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்குன்னு வெக்காதீங்க” என்றாள்.

“விழா முடியட்டும் அம்மிணி. வாக்குக் குடுத்துட்டேன். நாம் போவாட்டி உன்னத்தான் கேப்பாங்க.”

“என்னயக் கேட்டாக் கேட்டுட்டுப் போவட்டும்மா!”

சென்னம்மாள் கேட்கவில்லை. சின்னுசாமி அவளைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. வலியில்லை, காய்ச்சல் இல்லை, ஐந்து நாள்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவருக்கும் ஏதோ ஒரு மூலையில் நம்பிக்கை இருந்திருக்கிறது. அந்த நம்பிக்கையைப் பின்னாளில் நினைத்தபோதெல்லாம் அவருக்குத் தன்னை அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

விழா பெரிய கல்யாண மண்டபத்தில் நடந்தது. சென்னம்மாளை மேடையில் நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கட்டு தெரியாமல் இருக்க மேஜையைச் சுற்றிப் பட்டுத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். சற்று நேரத்தில் ஏதோ வாடை வருகிறது என்று முன்வரிசையில் முகம் சுளித்தார்கள். ஒருவர் ஓடிவந்து மேஜைக்கு அடியில் நான்கு ஊதுபத்தி கொளுத்தி வைத்துவிட்டுப் போனார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த சின்னுசாமிக்கு அது என்ன வாடை என்று தெரிந்துவிட்டது. அவர் எழுந்து நின்றார். உட்காருங்கள் பெரியவரே, மறைக்கிறது என்று பின்னாலிருந்து சொன்னார்கள்.

குமரகுரு பேசினார். “போன ஆண்டு நம் நோயாளிகளின் சராசரி நம்பிக்கை ஆறு புள்ளி ஒன்று. இந்த ஆண்டு எட்டு புள்ளி நான்கு! வைத்தியம் கேட்டு வருகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். செத்துப்போனதால் குறைந்தார்கள் என்று சில விஷமிகள் சொல்கிறார்கள். நான் விடவில்லை. செத்தவர்களின் கடைசி மதிப்பெண்ணை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தேன். ஒருவர்கூட ஏழுக்குக் குறையவில்லை! எத்தனை நம்பிக்கையோடு போயிருக்கிறார்கள்!” மண்டபம் கைதட்டியது.

மைக்கைச் சென்னம்மாளிடம் நீட்டினார்கள். அவள் முகம் வேர்த்துக் கொட்டியது. “எல்லாரும் நல்லா இருங்க சாமி” என்றாள். அதற்கும் கைதட்டினார்கள். திரும்பும் வழியிலேயே அவளுக்குக் குளிர் கண்டு பல் கிட்டிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, “ஒரு வாரம் முன்னாடி எங்க போயிருந்தீங்க?” என்று கேட்டார். சின்னுசாமி அந்த நாற்பத்தாறு படிகளை நினைத்துக்கொண்டார். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவள் வீட்டுக்கு வந்த பிறகு இயக்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘உறுப்பு ஒன்று குறைந்த நிலையிலும் தங்கள் மதிப்பெண் குறையாதது கண்டு பெருமை கொள்கிறோம். பேனர் புதுப்பிக்கப்படும். படம் இடுப்புக்கு மேலே மட்டும் போதுமானது.’ சின்னுசாமி அதை நான்காகக் கிழித்து எருமைச் சாணத்தோடு குப்பையில் போட்டார். எருமைகளும் இப்போது பால் வற்றிப்போயிருந்தன. கறக்கிற கை மாறினால் அவை ஒத்துழைப்பதில்லை.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் மஞ்சுளா வந்தாள். டேப் பைக்குள்ளேயே இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஏனுங்க, புள்ளைக்கு மோர் கொண்டாங்க” என்றாள் சென்னம்மாள். பக்கத்து வீட்டில் வாங்கிய பாலில் உறை ஊற்றிய மோர்தான். சின்னுசாமி அடுப்படிக்குப் போனார்.

“கேளு அம்மிணி. கேக்கத்தான வந்த?”

“வேண்டாங்கம்மா.”

“கேளு.”

மஞ்சுளா டேப்பை எடுத்தாள். மனப்பாடமான கேள்விதான், ஆனாலும் பார்த்துப் படித்தாள்.   சென்னம்மாள் போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒன்னு போட்டுக்க” என்றாள்.

அடுப்படியில் இருந்த சின்னுசாமியின் காதில் அது விழுந்தது. முப்பத்தைந்து வருஷத்தில் அவள் ஒருவருக்குக் குறைத்துக் கொடுத்து அவர் பார்த்ததில்லை. எந்தச் சொல்லுக்காக அவர் அந்த ஆபீசில் மனசுக்குள் கெஞ்சினாரோ அந்தச் சொல் இப்போது வந்துவிட்டது. அவருக்குச் சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

மஞ்சுளா தட்டினாள். மறுபடி தட்டினாள். மூன்றாம் தடவையும் தட்டிவிட்டு டேப்பை மடியில் வைத்தாள்.

“என்ன அம்மிணி, ஏறலையா?”

“ஒரு மாசத்துக்கு மூணுதாம்மா எறங்குமாம். பதினொன்னுலேருந்து எட்டுக்குக் கீழ எறங்கமாட்டேங்குது. அடுத்த மாசம் அஞ்சு, அதுக்கடுத்த மாசம் ரெண்டு.”

சென்னம்மாள் விரல் விட்டு எண்ணினாள். “அப்ப மூணாம் மாசம் அஞ்சுக்குக் கீழ வந்துருவேன்.”

“ஆமாங்கம்மா.”

“வந்தாக் காலைப் பாப்பாங்களா?”

மஞ்சுளா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அழுவாத சாமி. இன்னொன்னு இருக்குதல்ல, அதையாச்சும் பாக்கட்டும். இப்பைக்கு எட்டே போட்டுக்க. உனக்கும் ஒரு சொல்லு வராது.”

மஞ்சுளா எட்டைத் தட்டினாள். டேப் பூக்களைக் கொட்டி, ‘வாழ்த்துகள்’ என்றது.

சின்னுசாமி டம்ளரைக் கொண்டுவந்து மஞ்சுளா கையில் கொடுத்தார். பிறகு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வையை விலக்கி, மனைவியின் வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். குதிகாலை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக விரித்து இடுக்கைத் தடவிப் பார்த்தார். சுண்டுவிரலுக்கு அடியில் தோல் லேசாக வெடித்திருந்தது. மஞ்சுளா டம்ளரை வைத்துவிட்டுப் பையிலிருந்து பஞ்சை எடுத்தாள்.

“ஏனுங்க, காலையிலதான பாத்தீங்க” என்றாள் சென்னம்மாள்.

“இருக்கட்டும் புள்ள. கொசுறுக்கு ஒருக்கா” என்றார் அவர்.